மாபெலின் பதினேழாவது முட்டை

அக்டோபர் கடைசியில் மாபெல் பதினாறு முட்டை இட்டது. கரும்பு வெட்டு மும்முரமாக நடந்த நேரம். எரித்த வயல்களின் கரி, ஆஸ்திரேலியாவில் நாங்கள் இருக்கும் பண்டபெர்க் ஊர் முழுக்கப் பறந்து, எங்கள் கொடியில் காய்ந்த துணிகளின் மேல் விழுந்துகொண்டிருந்தது. நான் சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். மாபெல் என் மனைவி கோரலி வளர்த்த மலைப்பாம்பு. நான் அந்த வீட்டுக்குள் வருவதற்கு முன்பிருந்தே அது இருந்தது.

போன வருடமும் அது முட்டை இட்டிருந்தது. "இந்த வருஷம் அவளுக்கு ஓய்வு குடுக்கணும், ரஸ்" என்றாள் கோரலி. நான் கேட்கவில்லை. நண்பனிடம் ஆண் பாம்பை இரவல் வாங்கி வந்து கூண்டில் விட்டவன் நான்தான்.

கோரலி முட்டைகளை அடைகாக்கும் பெட்டிக்கு மாற்றினாள். மாபெலை வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டி, கூண்டைத் தேய்த்துக் கழுவினாள்.

"முட்டை வாசனை இருக்கிறவரைக்கும் அடைகாத்துக்கிட்டே கிடப்பா. ஒரு வாய் திங்கமாட்டா."

கழுவியும் அது எலியைத் தொடவில்லை. முதுகெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. ஓரிடத்தில் சுருண்டு படுக்காமல் கூண்டின் நான்கு மூலைகளுக்கும் ஊர்ந்தபடியே இருந்தது. வால் பக்கம் கோழிமுட்டை அளவுக்கு ஒரு புடைப்பு. பதினேழாவது முட்டை உள்ளேயே நின்றுவிட்டிருந்தது.

பாம்பு பார்க்கும் டாக்டர் ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருந்தார். வியாழக்கிழமை வரச் சொன்னார். "அதுவரைக்கும் யாரும் அமுக்கிடாதீங்க" என்று போனில் இரண்டு தடவை சொன்னார்.

செவ்வாய்க்கிழமை மதியம் கோரலி பேக்கரி வேலைக்குப் போயிருந்தாள். மாபெல் மூலைக்கு மூலை அலைவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. இறுகிப்போன எத்தனை போல்ட்டுகளைக் கழற்றிய கை இது என்று நினைத்தேன். மாபெலை மடியில் போட்டு, இரண்டு கட்டைவிரலாலும் புடைப்பை மெல்லத் தள்ளினேன். ஓர் அங்குலம் நகர்ந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளினேன். விரலுக்கடியில் ஏதோ தொளதொளவென்று ஆகிவிட்டது. மாபெல் சீறவில்லை. தலையைத் திருப்பி என் கையருகே கொண்டுவந்து வைத்துக்கொண்டது.

மாலையில் கோரலி கூண்டைப் பார்த்துவிட்டுக் கத்தினாள். "ரஸ்! வீக்கம் வத்திப்போச்சுடா! தானா இறங்குது போல!" சந்தோஷத்தில் ஆளுக்கொரு பியர் திறந்தாள். "நீ ஏன் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?"

"ஆலையில வேலை ஜாஸ்தி" என்றேன்.

புதன்கிழமை விடிந்தபோது வீடெல்லாம் நாற்றம். மாபெல் வாயைத் திறந்தபடி மூச்சுக்குத் திணறியது. தலையணை உறைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு ஓடினோம். வழி நெடுக கோரலி அதை மடியை விட்டு இறக்கவில்லை.

டாக்டர் எக்ஸ்ரேயை விளக்கில் காட்டினார். "யாராவது அமுக்கினீங்களா?"

"தொடவே இல்லை, டாக்டர். நீங்கதான் சொல்லியிருந்தீங்களே" என்றாள் கோரலி.

அவர் என்னைப் பார்த்தார். "உண்மை தெரிஞ்சாத்தான் எங்க வெட்டணும்னு நான் முடிவு பண்ண முடியும்."

"நான்தான்" என்றேன். "நேத்து மதியம். உள்ள என்னமோ உடைஞ்ச மாதிரி இருந்துச்சு."

கோரலி என் பக்கம் திரும்பவே இல்லை.

அறுவை சிகிச்சை இரண்டரை மணி நேரம் நடந்தது. உடைந்த முட்டையோடு முட்டைக்குழாயில் ஒரு பக்கத்தையே அகற்ற வேண்டியதாயிற்று. "உயிர் இருக்கு. சீழ் பிடிச்சிருக்கு. அதுக்கு மேல இப்ப எதுவும் சொல்லமாட்டேன்" என்றார் டாக்டர்.

வீட்டில் மூன்று நாளைக்கு ஒரு ஊசி. முதல் ஊசியின்போது பாம்பைப் பிடித்துக்கொள்ளக் கை நீட்டினேன்.

"தொடாத" என்றாள்.

துண்டில் சுற்றி, முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு தானே போட்டாள். சமையலறையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். உப்பைக் கொடு என்றுகூட அவள் கேட்கவில்லை. எழுந்து வந்து எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு காலையும் அவள் கூண்டருகே போய் நிற்கும்போது, என்ன சொல்லப்போகிறாளோ என்று படுக்கையில் கண்ணை மூடிக் கிடந்தேன்.

அறுவை சிகிச்சை முடிந்த நாற்பத்தோராவது நாள் மாபெல் ஒரு சின்ன எலியை விழுங்கியது.

ஆலையிலிருந்து வந்தவனிடம் கோரலி அதைச் சொன்னாள். குரல் ஏறக்குறைய பழைய குரல். எனக்கும் ஒரு தட்டு போட்டாள். நான் கூண்டைப் பார்க்கப் போனேன். மாபெல் சூட்டுக்காகப் போட்டிருந்த விளக்கின் கீழே சுருண்டு படுத்திருந்தது. கூண்டுக் கதவில் புதிதாக ஒரு பித்தளைப் பூட்டு தொங்கியது.

"சாவி?"

"என்கிட்ட இருக்கு" என்றாள். "ஆறுறதுக்குள்ள சாப்பிடு."