மூன்று புள்ளிக் கத்தி

காடடர்ந்த மலை ஒருபுறமும், அகன்று விரைந்தோடும் ஆறு மறுபுறமும் காவல் நிற்க, இரண்டிற்கும் இடையே இலைமணமும் மீன்மணமும் மாறிமாறி வீசும் சிற்றூர் ஒன்றின்மேல் வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. படகுத்துறையில் வலைகள் உலர்ந்தன. கடைத்தெருவில் நிழல்கள் சுவரோடு சுவராய் ஒடுங்கின. வேட்டையினின்று மீண்டோர் மரத்தடியில் கால்நீட்டிக் கிடந்தனர். தெருவின் கடைக்கோடியில், கரியேறிய கூரையும் புதிதாய் வெள்ளையடித்த சுவருமாய் ஒன்றோடொன்று ஒட்டாமல் நின்ற உலைக்களத்தினின்று மட்டும் சம்மட்டியோசை ஓயாமல் எழுந்தது. படிப்போரே, அவ்வோசைக்கு உரியவரைப் பற்றியதே இக்கதை. அவர் நல்லவர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; போகப்போக உங்களுக்கு அவர்மேல் சினம் வரும்.

ஊரார் அவரை மூன்றுபுள்ளியார் என்பர். வேடர்க்கும் மீனவர்க்கும் கைக்கடக்கமான சிறுகத்திகள் செய்வது அவர் தொழில். ஒவ்வொரு கத்தியின் அடியிலும் உளியால் மூன்று புள்ளி குத்துவது அவர் குறி. அக்குறியைக் கண்டால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று துறையில் சொல்வார்கள். இல்லாளின் தம்பியாகிய மைத்துனன், பதினான்கு ஆண்டுகளாய் அவருடன் இருந்து, கொம்பிலும் மரத்திலும் பிடி செதுக்கிப் பூட்டிவந்தான். அடிப்பதை அவனும் செய்வான். ஆனால் பதம் பார்ப்பதை அவர் எவர்க்கும் விடார். அஃது எளிய வேலையன்று. காய்ச்சி எண்ணெயில் தோய்த்தெடுத்த அலகு கண்ணாடிபோல் கடினமாய், தட்டினால் உடையும் நிலையில் இருக்கும். அதனைத் துலக்கி, வெள்ளென மின்னச் செய்து, சுட்ட இரும்புப் பாளத்தின்மேல் வைத்துக் காத்திருந்தால், வெண்மைமேல் முதலில் வைக்கோல் மஞ்சளும், பின்பு பழுப்பும், அதன்பின் ஊதாவும் மெல்லப் படரும். பழுப்பில் எடுத்தால் வேட்டைக் கத்தி. ஊதாவில் எடுத்தால் வளைந்து நிமிரும் மீன்கத்தி. ஒரு நிறம் முந்தினாலும் பிந்தினாலும் உழைப்பெல்லாம் பாழ்.

இத்தகையவர்க்கு இரண்டாண்டுகளாய் ஒரு பொல்லாத குணம் பற்றியிருந்தது. எதிலும் ஐயம், எவர்மேலும் ஐயம். சுண்ணாம்பில் மண்ணைக் கலந்துவிட்டான் என்று சுவருக்கு வெள்ளையடித்தவனை ஏசினார். வெளுத்த துண்டைச் சரியாய் அலசவில்லையென்று இல்லாளை ஏசினார். "பாரு, மஞ்சமஞ்சேர்னு இருக்கு!" என்று அவர் துண்டை விரித்துக் காட்டியபோது, அவள் அதைப் பிடுங்கிக் கொடியில் போட்டாள்.

"காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். உங்களுக்கு யாரைத்தான் புடிக்குது? போங்க, போய்ச் சாப்பிடுங்க!"

அவர் உண்டார், வழக்கம்போல் சற்றே கண்ணயர்ந்தார். அன்று ஏனோ விரைவிலேயே விழித்து உலைக்களம் புகுந்தவர், காலையில் பதம் பார்த்து ஆறவைத்த மீன்கத்தி அலகொன்றைக் கையிலெடுத்தார். எடுத்தவர் திடுக்கிட்டார். அலகு வெதுவெதுப்பாய் இருந்தது. வெயில் படாத மாடத்தில், மூன்று நாழிகைக்கு முன்பே ஆறிப்போன இரும்பு எங்ஙனம் சுடும்? மைத்துனனோ ஒன்றும் அறியாதவன்போல் பிடி செதுக்கிக்கொண்டிருந்தான்; அவன் நெற்றியில் மட்டும் உலைமுன் நின்றோர்க்கு அரும்பும் வியர்வை.

அடடா, ஐயம் என்பது நெஞ்சில் ஒருமுறை கால்வைத்துவிட்டால் பாய்விரித்துப் படுத்துக்கொள்ளுமே! அன்றுமுதல் மூன்றுபுள்ளியார் அவன் செருப்பின் தேய்மானத்தையும் கணக்கிட்டார். அவன் இருமினால் யாருக்கோ குறிப்புக் காட்டுவதாகப் பட்டது. இருமாவிடில் எதையோ மறைப்பதாகப் பட்டது. என் அலகை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைக்கிறானோ என்று ஐயுற்று, அரத்தின் நுனியால் ஒவ்வோர் அலகிலும் மயிரிழைக் கீறலொன்று இட்டுவைத்தார். மறுநாள் கீறல் இருந்தது, சூடும் இருந்தது. மாற்றவில்லை; அப்படியானால் கெடுக்கிறான்! என் பதத்தைக் கெடுத்து, என் பெயரைக் கெடுத்து, எதிர்த்தெருவில் தனிக்கடை போடப் பார்க்கிறான்!

மூன்றாம் நாள் உறங்குவதுபோல் படுத்திருந்து, கதவிடுக்கில் கண்வைத்தார். கண்டது பொய்க்கவில்லை. மைத்துனன் பாளத்தைச் சூடேற்றி, அவர் ஆறவைத்த அலகை அதன்மேல் கிடத்தி, குனிந்து உற்றுநோக்கிக்கொண்டிருந்தான்.

அவர் பாய்ந்து புகுந்த வேளையில், கேட்டுவைத்திருந்த ஐந்து மீன்கத்திகளை வாங்கிச் செல்லப் படகுக்காரரும் வாயிலில் வந்து நின்றார்.

"உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்றியா? நான் வெச்ச பதத்துல கைவைக்க நீ யாருடா?"

மைத்துனன் நிமிர்ந்தான். அவன் வாய் திறந்தது. பார்வை வாயிலில் நின்ற படகுக்காரர்மேல் சென்றது. திறந்த வாய் மூடிக்கொண்டது. பிறகு, "அத்தான், உள்ள வாங்க, தனியாப் பேசலாம்" என்றான்.

"என்ன தனியா? அவருக்கும் தெரியட்டும்!"

"அப்போ எதுவும் பேசல. இந்த அஞ்சும் போகக் கூடாது. அது மட்டும் கேளுங்க."

அச்சொல்லே எரியும் உலையில் எண்ணெயாயிற்று. அவனை அப்பொழுதே வெளியேறச் சொன்னார் மூன்றுபுள்ளியார். அக்காள் அழுதுகொண்டே தம்பியின் பின்னோடினாள்; அவனோ உளிப்பையைத் தோளிலிட்டு, "அக்கா, கத்திய நிறுத்தப் பாரு" என்று மட்டும் சொல்லிப் போனான். அவள் திரும்பிவந்து கெஞ்சினாள். நிறுத்துவாரா? மைத்துனன் கைபட்டவற்றை ஒதுக்கிவிட்டு, புதிதாய் ஐந்து அலகுக்கும் தாமே பதம் பார்த்து, தாமே பிடி பூட்டி, அவற்றைத் தம் கையாலேயே படகுக்காரரிடம் கொடுத்துவிட்டார். அன்றிரவு அவ்வீட்டில் ஒருவரும் உண்ணவில்லை.

பன்னிரண்டாம் நாள் படகுக்காரர் வந்தார். வலக்கையில் கட்டுப் போட்டிருந்தார். கட்டினுள் நான்கு விரல்களே இருந்தன. இடக்கையால் மடியினின்று இரண்டு கத்திகளை எடுத்துப் பட்டறைமேல் வைத்தார். ஒன்று நடுவே முறிந்திருந்தது.

"ஆத்துல நல்ல ஓட்டம். வலைக்கயிறு கையச் சுத்திக்கிச்சு. அறுக்கலாம்னு ஒரே போடு போட்டேன், கண்ணாடி மாதிரி ரெண்டாப் போச்சு. கயிறு விரலக் கொண்டுபோயிடுச்சு." அவர் குரலில் சினமில்லை, அதுவே கேட்கப் பொறுக்கவில்லை. "இது போன வருசம் உங்ககிட்ட வாங்கினது. வளைச்சுப் பாருங்க. ரெண்டுலயும் உங்க புள்ளிதான் இருக்கு. ஆனா ரெண்டும் ஒரே கை செஞ்சதா?"

மூன்றுபுள்ளியார் பழைய கத்தியை வளைத்தார். அது நாணல்போல் வளைந்து நிமிர்ந்தது. முறிந்த கத்தியின் வாயை நோக்கினார். நீறுபோல் வெளிறிய, கடினம் குறையாத முறிவு. புதிய அலகொன்றைத் துலக்கிப் பாளத்தின்மேல் வைத்தார். பாளத்தின் சூடு ஏறுமுன்பே அலகில் மஞ்சள் தெரிந்தது. மெல்லச் சுவரை நோக்கினார், மஞ்சள். கொடியில் உலர்ந்த துண்டை நோக்கினார், மஞ்சள்.

"இங்க வா," என்று இல்லாளை அழைத்தார். "இந்த அலகு என்ன நிறம்?"

"நிறமா? ஒரு நிறமும் இல்ல. வெள்ளையாத்தான் மின்னுது."

"சுவரு?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் அப்பொழுதுதான் விளங்கியது. "பால் மாதிரி வெள்ளைங்க," என்று சொல்லி அவர் கையைப் பற்றிக்கொண்டாள்.

இரண்டாண்டுகளாய் அவர் கண்மேல் புரை படர்ந்திருந்தது. இல்லாத மஞ்சளைக் காட்டி, மஞ்சளைப் பழுப்பென்றும் பழுப்பை ஊதாவென்றும் மயங்கவைத்து, ஒவ்வோர் அலகையும் பதம் வருமுன்னே எடுக்கச் செய்திருந்தது. அவர் துயிலும் பொழுதில் அவற்றையெல்லாம் மீளவும் பாளத்திலிட்டு, உரிய நிறம் வரக் காத்திருந்து, அந்நிறத்தையும் துடைத்து மறைத்துத் துறைக்கு அனுப்பிவந்தவன், தன் அத்தானின் கண் கெட்டதை வாடிக்கையாளர் காதுபடச் சொல்ல மாட்டாமல் பழிசுமந்து போனான். ஐயோ, ஒருசொல் சொல்லியிருக்கலாகாதா என்று நாமும் அவனை நொந்துகொள்ளலாம். முன்பு ஒருமுறை, "கண்ணக் காட்டுங்க அத்தான்" என்றதற்கே பத்து நாள் அவனோடு பேசாதிருந்தவர் அவர்.

படகுக்காரர் முன்னிலையிலேயே அவர் இரு கைகளையும் கூப்பினார். "தப்பு என் கண்ணோடது. அவன் உங்க கையக் காப்பாத்திக்கிட்டு இருந்தான். நான் அவனத் துரத்திட்டேன்." பிறகு இல்லாளைத் துணைக்கொண்டு, படகுக்காரர் பிற மீனவர்க்குக் கொடுத்திருந்த மீதி நான்கு கத்திகளையும் வீடுவீடாய்ச் சென்று திரும்பப் பெற்றார். கேட்டோர்க்கெல்லாம் தம் கண் கெட்டதைத் தாமே சொன்னார். அந்தி சாயுமுன், ஆற்றங்கரையோரம் சாணை பிடித்துக்கொண்டிருந்த மைத்துனன் முன் சென்று நின்று, பதம் பாராத அலகொன்றை நீட்டினார். அவன் அதை வாங்கிப் பார்த்தான். உளிப்பையை எடுத்துக்கொண்டு உடன் நடந்தான்.

உலைக்களத்தில் பாளம் சுட்டது. அலகைக் கிடத்தியவர் கண்களை மூடிக்கொண்டார்.

"வந்துச்சா?"

"இன்னும் இல்ல அத்தான். பொறுங்க."

பொறுத்தார். உலையின் வெம்மை முகத்தில் அடிக்க, அரைநாழிகை அசையாமல் நின்றார். அவர் குத்திய புள்ளிகளை நம்பி ஊரார் மூடிய கண்களை எண்ணினார். இனித் தம் வாழ்நாளெல்லாம் நான்காகவே நிற்கப்போகும் அந்த விரல்களையும் எண்ணினார்.

"இப்போ எடுங்க," என்றான் மைத்துனன்.

எடுத்தார். ஊரார் இன்றும் அவரை மூன்றுபுள்ளியார் என்றே அழைக்கின்றனர். ஆனால் அந்நாள் தொட்டு அவ்வுலைக்களத்துக் கத்திகளில் நான்கு புள்ளிகள் உள்ளன. நான்காவதை அவர் குத்துவதில்லை. மைத்துனன் கையில் உளியைக் கொடுத்துவிட்டு அருகே நிற்கிறார்.