கேட்ட நேரத்திலிருந்து

இரண்டு வேட்பாளர்களையும் பல்கனிக்கு அனுப்பிவிட்டு அருட்செல்வம் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினார். நோர்வேயில் ஹவுகன்ஸ்டுவா என்ற இடத்தில் எட்டாம் மாடி, மார்ச் மாதம். பல்கனிச் சுவரின்மேல் பழைய பனி கறுத்து இறுகிக் கிடந்தது. ஒருவரைத் தெரிவுசெய்யும்போது அவர் அந்த அறையில் இருக்கக்கூடாது என்பது அருட்செல்வம் தன் வேலையிடத்துத் தொழிற்சங்கத்தில் படித்த ஒழுங்கு. அதைக் கோயில் விஷயத்துக்கும் கொண்டுவந்துவிட்டார். அரசரத்தினமும் சற்குணமும் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். சத்தம் உள்ளே கேட்கவில்லை. சற்குணம் தூரத்தில் எதையோ காட்டிச் சிரிப்பதும் அரசரத்தினம் சிரிக்காமல் தலையாட்டுவதும் மட்டும் தெரிந்தன.

"கெதியாக் கதைச்சு முடியுங்கோ. ரெண்டு பேரும் விறைச்சுப் போனால் பிறகு ஆரைப் போடுறது?" என்றார் அருட்செல்வம்.

ராசமலர் சோபாவின் ஓரத்தில் இருந்தாள். ரொம்மனில் முதியோர் இல்லமொன்றில் காலை வேலையை முடித்து, வீட்டுக்குப் போய்க் குளித்து, நெற்றிக்கு விபூதி பூசிக்கொண்டு வந்திருந்தாள். சாப்பிடவில்லை. சனி விரதம்.

நாளைக்குக் கோயிலில் பொதுக்கூட்டம், தலைவர் தெரிவு. கோயில் என்றால் கோபுரம் ஒன்றும் இல்லை. முன்பு கம்பளம் அடுக்கிவைத்திருந்த ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்துப் பிள்ளையாரை வைத்திருந்தார்கள். இப்போதைய நிர்வாகம் இளம் ஆட்களுடையது. போன வருடம் அவர்கள் நாள், நட்சத்திரம் எதையும் பார்க்காமல் திருவிழாவை யூலை விடுமுறைக்குத் தள்ளிவிட்டார்கள். மாலைப் பூசையையும் பாதியாக்கினார்கள். கொடியேறிய அன்று வானத்தில் வேறு நட்சத்திரம் நின்றதை நினைத்து ராசமலர் முதியோர் இல்லத்தில் துணி மடிக்கும் அறைக்குள் நின்று அழுதாள். இதை யாருக்கும் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார்கள். போன தேர்தலில் பழைய முறை வேண்டும் என்ற பக்கத்தில் இருவர் போட்டியிட்டு வாக்கைப் பிரித்ததால்தான் அவர்கள் வந்தார்கள். இந்த முறை அப்படி விடக்கூடாது, முதலில் எங்களுக்குள் ஒருவரை எடுப்போம் என்று அருட்செல்வம் இந்தக் கூட்டத்தைக் கூட்டியிருந்தார்.

"அரசண்ணைக்குத் தெரியாத கிரியை இல்லை" என்றார் விமலாதேவி. "ஐயரே அவரைக் கேட்டுத்தான் சிலதைச் செய்யிறவர்."

"அதுதானே பயம்" என்றார் பிலேந்திரன். குரோருட்டில் கடை வைத்திருப்பவர். எதையும் பகிடியாகத்தான் சொல்வார். "அவர் தலைவரா வந்தால், பிள்ளையாரே ஒரு நிமிஷம் பிந்தி வந்தாலும் பள்ளிக்கூடத்திலை போடுறமாதிரி ஃப்ராவார் போட்டு விடுவார். வராதவர் எண்டு."

எல்லோரும் சிரித்தார்கள். ராசமலராலும் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் அவளுக்கு உள்ளே ஒரு முள் இருந்தது. தைப்பொங்கலன்று வேலையிலிருந்து நேரே கோயிலுக்கு வந்து பொங்கல் பானையைத் தூக்கியபோது, இதே அரசரத்தினம் எல்லோர் முன்னாலும், "குளிச்சே வந்தனீர்? அதை அங்காலை வையும்" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. முறை அதுதான், அவளே தன் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லி வளர்த்தாள். ஆனாலும் அந்தப் பானை விறாந்தையில் தனியே ஆறிக்கொண்டிருந்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

சற்குணம் வேறு மாதிரி. பூசை முடிந்ததும் வாசலில் நின்று, கார் இல்லாதவர்களைத் தேடிப் பிடித்து ரயில் நிலையத்தில் கொண்டுபோய் இறக்குவார். அவளுடைய கணவர் இரத்தினவேல் ஆசுபத்திரியில் கிடந்தபோது ஒவ்வொரு வெள்ளியும் வேலைக்குப் போகும் வழியில் விபூதியைக் கொடுத்துவிட்டுப் போனவர் அவர்தான். அவரை மற்றப் பக்கத்திலும் பலருக்குப் பிடிக்கும். வெல்லக்கூடியவர். ஆனால் எதைக் கேட்டாலும் "அதுக்கென்ன, செய்வம்" என்பார். நாளைக்கு அந்த இளம் ஆட்கள் வந்து திருவிழா யூலையிலேயே இருக்கட்டும் என்று கேட்டால், அதற்கும் அதுக்கென்ன என்று சொல்லிவிடுவாரோ என்று ராசமலருக்குப் பயம். முறை தெரிந்தவருக்கு முகத்தில் சிரிப்பில்லை, சிரிப்பவருக்கு முதுகெலும்பில்லை. இத்தனை சனத்துக்குள் முழுசாக ஒரு ஆளைத் தரப் பிள்ளையாருக்கு மனம் வரவில்லையே என்று எரிச்சலாக வந்தது. அப்படி நினைத்ததற்காக உடனே மனதுக்குள் காதைப் பிடித்து மன்னிப்பும் கேட்டாள்.

தேநீர் வர நேரமானது. உதவலாம் என்று எழும்பிக் குசினிக்குப் போனாள்.

அருட்செல்வத்தின் மனைவி கமலேஸ்வரி அடுப்பு முன்னால் நின்றாள். பால் பொங்கி வழிந்து அடுப்பில் கருகிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. ராசமலர் சட்டியை இறக்கிவைத்தாள்.

"என்ன கமலி?"

"ஒண்டுமில்லை அக்கா." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "சற்குணத்தின்ரை தமையன் செத்துப்போனார்" என்றாள்.

கோண்டாவிலில் இருந்த ஒரே தமையன். நேற்று விடிய மாரடைப்பு. சற்குணத்தின் மனைவி மகளின் பிள்ளைப்பேற்றுக்காக லண்டனில் நின்றாள். தனியே இருக்கிற ஆளுக்கு இப்படியான செய்தியைப் போனில் சொல்லக்கூடாது. யாராவது போய்ப் பக்கத்தில் இருந்து சொல்லவேண்டும். வெளிநாட்டில் ஆட்கள் இருக்கிற வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் இது. அப்படித்தான் தமையனின் மகன், தூரத்து உறவான அருட்செல்வத்துக்குப் போன் எடுத்து, "நீங்கள் போய்ச் சித்தப்பாவுக்கு ஆறுதலாச் சொல்லுங்கோ" என்று கேட்டிருக்கிறான்.

"இவர் போகேல்லை அக்கா. துடக்கு வந்திடும் எண்டுறார்."

ராசமலருக்கு விளங்கியது. கூடப்பிறந்தவனின் சாவுத் தீட்டு, முப்பத்தோராம் நாள் கிரியை முடியும் வரை கோயில் படி மிதிக்கக்கூடாது. கூட்டமோ கோயில் மண்டபத்துக்குள்தான். தெரிவானவர் பிள்ளையார் முன்னால் நின்று விபூதி வாங்கிப் பொறுப்பெடுக்க வேண்டும். துடக்குக்காரர் வேட்பாளராக நிற்க முடியாது. மற்றப் பக்கத்தில் என்றால் இதையெல்லாம் பார்க்கமாட்டார்கள். இவர்கள் பார்ப்பார்கள். பார்ப்பவர்கள் என்பதால்தான் இவர்கள் இந்தப் பக்கம்.

அருட்செல்வம் குசினி வாசலில் வந்து நின்றார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் விளங்கிக்கொண்டார்.

"உமக்கு ஒரு வாய் இருக்கே" என்று அவளைக் கடிந்துவிட்டு ராசமலர் பக்கம் திரும்பினார். "அக்கா, ஒரு நாள் விஷயம். கேட்ட நேரத்திலையிருந்துதான் துடக்கு. கேக்காதவனுக்குத் துடக்கில்லை. நாளைக்குக் கூட்டம் முடிஞ்ச கையோடை நானே கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லுவன்."

"பிரேதம் எப்ப எடுக்கினம்?"

"கொழும்பிலையிருந்து மகள் பஸ்ஸிலை வந்துகொண்டிருக்கிறாள். நாளைக்குக் காலமை."

"அங்கத்தைக் காலமை எண்டால் இஞ்சை நாங்கள் எழும்ப முதல் சுடலைக்குக் கொண்டுபோயிடுவினமே."

அருட்செல்வம் இருப்பறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் பெடியன் திருப்பி எடுக்கேல்லையே? சித்தப்பா ஏன் கதைக்கேல்லை எண்டு?"

"எடுத்தவன். சொல்லியாச்சு, ஆள் உடைஞ்சுபோனார், பிறகு எடுப்பார் எண்டனான்." அவர் குரலில் வெட்கம் இருந்தது. அதன்மேல் கோபத்தைப் போட்டு மூடினார். "எனக்காகவே செய்யிறன்? திருவிழாவை நினைச்சுப் பாருங்கோ. சற்குணம் இல்லாட்டி அரசண்ணைதான். அரசண்ணைக்கு வெளியிலை ஒரு வாக்கு விழாது. திரும்பவும் அவங்கள்தான். பிறகு நீங்கள் வந்து என்னட்டை அழக்கூடாது."

ராசமலர் தட்டில் தேநீர்க் கோப்பைகளை அடுக்கினாள். ஒரு நாள்தானே என்று அவளுக்கும் தோன்றியது. போனவர் திரும்பி வரப்போவதில்லை; திருவிழா நல்ல நாளில் நடந்தால் அதன் புண்ணியத்தில் ஒரு பங்கு அவருக்கும் போகாதா? இந்தக் கணக்குக் கொஞ்ச நேரம் சரியாகவே பட்டது. தட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் தன் இடத்தில் இருந்துவிட்டாள்.

"சரி, கையை உயர்த்துவம். சற்குணம் எண்டுறாக்கள்?" என்றார் அருட்செல்வம்.

பிலேந்திரனின் கை முதலில் போனது. ஒவ்வொன்றாகக் கைகள் உயர்ந்தன. விமலாதேவி பெருமூச்சு விட்டு, "வெல்லவேணுமெல்லோ" என்று தானும் உயர்த்தினார். கண்ணாடிக்கு அப்பால் சற்குணம் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, பார்க்கக்கூடாதென்று நினைவு வந்தவர்போலச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். காது சிவந்திருந்தது.

ராசமலரின் கை மடியில் கிடந்தது. இங்கே வந்தபோது இவருக்காகத்தான் அதை உயர்த்துவதாக இருந்தாள். இப்போது அது எழவில்லை. கோண்டாவிலில் ஒரு வீட்டில் போனைப் பார்த்துக்கொண்டு சனம் இருக்கிறது. இங்கே நாங்கள் கையை உயர்த்திக்கொண்டு இருக்கிறோம்.

"அக்கா?" என்றார் அருட்செல்வம். குரலில் கெஞ்சலும் இருந்தது, எச்சரிக்கையும் இருந்தது.

அவள் எழும்பி இரண்டு கோப்பைகளை எடுத்துக்கொண்டு பல்கனிக் கதவை முழங்கையால் தள்ளினாள். குளிர் முகத்தில் அடித்தது.

"என்னக்கா, பாஸோ ஃபெயிலோ?" என்றார் சற்குணம் சிரித்துக்கொண்டு.

"உள்ளை வாங்கோ தம்பி. ஒரு இடத்திலை இருந்து கதைப்பம்."

அவருடைய சிரிப்பு அப்படியே நின்றது. இந்தத் தேசத்துக்கு வந்த எல்லோரும் என்றைக்காவது ஒருநாள் கேட்கப் பயந்துகொண்டிருக்கும் குரல் அது.

"ஆரக்கா?" என்றார்.

அவள் கோப்பைகளை அரசரத்தினத்தின் கையில் கொடுத்தாள். சற்குணத்தைப் பிள்ளைகளின் அறைக்குள் கூட்டிப்போய்க் கட்டிலில் இருத்தி, தானும் பக்கத்தில் இருந்து சொன்னாள். முதியோர் இல்லத்தில் பலமுறை பலருக்குச் சாவுச் செய்தி சொன்னவள்தான். அங்கே நோர்வே மொழியில் சொல்லும்போது வராத நடுக்கம் இப்போது வந்தது. சற்குணம் அழவில்லை. "நேற்றே?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "நான் நேற்றுப் படம் பாத்துக்கொண்டு இருந்தனான் அக்கா" என்றார்.

கமலேஸ்வரி யாரையும் கேட்காமல் வீட்டுப் போனில் நம்பரை அடித்து அவர் கையில் கொடுத்தாள். இணைப்புக் கிடைத்ததும் பெண்கள் ஒப்பாரி வைக்கும் சத்தம் போனுக்கு வெளியிலும் மெலிதாகக் கேட்டது. இருப்பறையில் கதை நின்றுபோனது. பிலேந்திரன் எழும்பி நின்றார். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் மற்றவர்களும் எழும்பினார்கள்.

மறுமுனையில் தமையனின் மகன், நேற்றே தெரிந்தும் ஏன் எடுக்கவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தான் போலிருந்தது. சற்குணம் தலையை உயர்த்தினார். திறந்திருந்த கதவுக்கு நேரே அருட்செல்வம் நின்றார். அவருடைய முகத்தைப் பார்த்ததும், ராசமலர் எதுவும் சொல்லாமலே, சற்குணத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"ஓமடா தம்பி" என்றார் போனுக்குள். "ஓம், அருள் அண்ணை நேற்றே வந்து சொன்னவர். நான்தான்... எனக்குத்தான் ஏலாமப் போச்சு."

அருட்செல்வம் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டார்.

ராசமலருக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. இப்படியொரு மனிதரை எடுத்துத் தலைவராக வைக்க எங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை. அவர்தான் தலைவராக வேண்டும் என்று நாங்கள் சாவை மறைத்தால் அவரை இழக்கிறோம். முறையை வைத்துக்கொண்டாலும் அவரை இழக்கிறோம். நாளைக்கு மண்டபத்துக்குள் போய்த் தான் கை உயர்த்தப்போவது யாருக்கு?

அரசரத்தினம் இரண்டு கோப்பைகளையும் கையில் வைத்தபடியே உள்ளே வந்திருந்தார். நடந்தது அவருக்கு இப்போதுதான் தெரியும். தொண்டையைச் செருமிக்கொண்டு, "இஞ்சை இருந்தாக்கள் எல்லாரும் நாளைக்குத் தலை முழுகிப்போட்டுத்தான் கோயிலுக்கு வரவேணும்" என்றார், அந்த வழக்கமான குரலில்.

"இப்ப அதுவே அண்ணை முக்கியம்?" என்று பிலேந்திரன் சீறினார்.

"முக்கியமோ இல்லையோ, முறை." அவர் கோப்பைகளை மேசையில் வைத்தார். "சற்குணத்தை நான் என்ரை காரிலை கூட்டிக்கொண்டு போறன். இராவைக்குத் தனிய விடேலாது."

சற்குணம் கட்டிலில் கழற்றிப்போட்டிருந்த குளிர்ச்சட்டையை எடுத்துக்கொண்டு ராசமலர் அவர் பின்னால் போனாள். போனில் இப்போது தமையனின் மனைவி. சற்குணம் "ம்... ம்..." என்றபடி வாசல் நடைக்குள் வந்து நின்றார். வந்திருந்த அத்தனை ஆம்பிளைகளின் சப்பாத்துகளும் அங்கே ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. எல்லாம் கறுப்பு, எல்லாம் ஒரே கடையில் வாங்கியவைபோல. அரசரத்தினம் கதவு நிலையைப் பிடித்து, முழங்காலை மெல்ல மடக்கி, அந்தக் குவியலுக்கு முன்னால் இருந்தார். ஒன்றை எடுத்தார். உள்ளே ஊத்தைப் பனி உருகி நனைந்திருந்தது. போன் கதையைக் குழப்பாமல், அதை உயர்த்திக் காட்டி, வாயை மட்டும் அசைத்து, இதுவோ என்று கேட்டார். சற்குணம் அதைப் பார்த்தார். அது தன்னுடையதா என்று அவருக்குத் தெரியவில்லை. அரசரத்தினம் அதைப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்து உயர்த்தினார். ராசமலர் குளிர்ச்சட்டையின் கையை விரித்துப் பிடித்தபடி நின்றாள்.