இருபத்திரண்டு ஸ்லைடுகள்

...ஆனால் பதினாறாவதை எப்போது எடுத்து வைத்தாள்? மைக்ராஸ்கோப்பின் அடியில் இப்போது இருப்பது இருபத்திரண்டு, தட்டில் கடைசி. பக்கத்துத் தாளில் இருபத்தொன்று வரைக்கும் ‘சந்தேகம் இல்லை’, ‘சந்தேகம் இல்லை’ என்று ஒன்றின் கீழ் ஒன்றாக அவளுடைய கையெழுத்து, கோணல்கூட இல்லை, அவள் போடும் அதே சுழி, எழுதியது மட்டும் நினைவில் இல்லை. முதல் ஸ்லைடு ஞாபகம் இருக்கிறது, ஓரத்தில் ஒரு காற்றுக்குமிழி, ஆறாவதில் சாயம் கொஞ்சம் தூக்கல், அதற்குப் பிறகு... அதற்குப் பிறகு ஒரு காபி, மூக்கைச் சிந்தியது, யாரோ கதவைத் திறந்து மூடியது, அவ்வளவுதான். கண் திறந்துதான் இருந்தது, அது சத்தியம். தூங்கவில்லை. தூங்கியிருந்தால் தலை சரிந்து கண்ணாடியில் இடித்திருக்குமே? நெஞ்சு வேறு யாரோ துரத்துகிற மாதிரி அடித்துக்கொள்கிறது, நாற்காலியில் உட்கார்ந்தபடியே எங்கே ஓடுகிறாள் இவள்? ஸ்லைடைப் பிடித்த விரல் நடுங்குவதை அவளே வேடிக்கை பார்த்தாள், இருபது வருடமாகக் கல் மாதிரி நின்ற கை. அடுத்த மேஜைப் பெண், ஆய்வகத்தில் எல்லோரும் பொடிசு என்று கூப்பிடுகிறவள், தலையைத் தூக்காமலே, “என்னக்கா, இன்னொரு காபி சொல்லட்டுமா?” என்றாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தால் தும்மல்தான் வந்தது.

காபி எத்தனை ஆயிற்று? காலையில் எழுந்ததும் ஒன்று... எழுந்தது என்பதே பொய், அவள் எங்கே படுத்தாள்? மூன்று மணிக்கு வாசல் தாழ்ப்பாள் சத்தம், மாமனார் சட்டை பேன்ட் போட்டுக்கொண்டு தயாராக நிற்கிறார், ஓய்வு பெற்றுப் பதினெட்டு வருடம் ஆன ஆபீசுக்கு. “மேடம், பஸ் போயிடுச்சா?” என்று அவ்வளவு மரியாதையாகக் கேட்கிறார், மருமகள் என்று தெரிந்த நாளில் இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை என்று நினைத்துச் சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டே கையைப் பிடித்துக் கூட்டிப் போய்ப் படுக்க வைத்தாள், அவர் தூங்கினார், அவளுக்குத் தூக்கம் போயே போய்விட்டது. கணவனை எழுப்பினால் என்ன? கேட்டால், “நீதானே லேசாத் தூங்குறவ, எனக்குக் காதுலயே விழல” என்பான், அதை ஏதோ அவள் வாங்கிவந்த பட்டம் மாதிரி சொல்வான். லேசாகத் தூங்குகிறவள் என்று அவளுக்கு யார் பெயர் வைத்தது? கல்யாணத்துக்கு முன்னால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாள் என்று அம்மா திட்டுவாளே... சரி, எழுந்ததும் ஒன்று, ஆய்வகத்துக்கு வந்ததும் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் மாத்திரை, மாத்திரை கண்ணை இழுக்க ஆரம்பித்ததும் நடுவில் இன்னொன்று. நாலு. வாசல் மரங்கள் பூத்ததிலிருந்து மூக்கும் கண்ணும் குழாய் மாதிரி, மாத்திரை இல்லாமல் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்கவே முடியாது, மாத்திரை போட்டால் காபி இல்லாமல் முடியாது, இதில் எதை விடுவது?

கீழ்த்தளத்து மருந்துக்கடைக்குப் போனது நெஞ்சடிப்பைக் கேட்கத்தான், வேறு எதற்கும் இல்லை. கடைக்காரர் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தார். “இதுல ரெண்டு மருந்து இருக்கும்மா. ஒண்ணு தும்மலுக்கு, அது தூங்கப் பண்ணும். இன்னொண்ணு மூக்கடைப்புக்கு, அது நெஞ்சை விரட்டும். நீங்க காபி எத்தனை குடிக்கிறீங்க?” நாலு என்றாள், ஐந்தாவதும் சில நாள் உண்டு என்பதைச் சொல்லவில்லை. “காபியும் நெஞ்சைத்தான் விரட்டும். ரெண்டும் சேர்ந்தா கை நடுங்கத்தான் செய்யும், ராத்திரி தூக்கமும் வராது.” அப்படியானால் தூக்கக் கலக்கம்? அதையாவது காபி எடுத்துவிடும் அல்லவா? அவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். “முழுசா எடுக்காதுமா. முழிச்சிருக்கோம்னு நமக்குத் தோணும், கவனம் பாதிதான் இருக்கும். தூங்கப் பண்ணாத மாத்திரையும் இருக்கு, தரவா? வண்டி கிண்டி ஓட்டுறீங்களா?” வண்டி இல்லை என்றாள். வண்டியாக இருந்தால் தேவலை, இடித்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

மேலே வந்து முதல் ஸ்லைடிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். யாரும் சொல்லவில்லை, யாருக்கும் தெரியவும் போவதில்லை, அவள் ‘சந்தேகம் இல்லை’ என்று எழுதியதை அதற்குப் பிறகு ஒருவரும் திறந்து பார்ப்பதில்லை, சந்தேகம் என்று குறித்தது மட்டும்தான் டாக்டரம்மாவிடம் போகும். புற்றுநோய்ச் சோதனைக்காக ஒரு பெண்ணின் கர்ப்பப்பை வாயிலிருந்து சுரண்டியெடுத்த செல்கள், அவற்றுக்குக் கடைசி வார்த்தை இவளுடையது. இந்தமுறை கோபம் வருகிற அளவுக்கு மெதுவாக, மேலிருந்து கீழே, ஒரு கோடு நகர்த்தி, கீழிருந்து மேலே, பன்னிரண்டு, பதின்மூன்று, பொடிசு பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள், பதினாறு, கண்ணில் மணல் போட்ட மாதிரி எரிச்சல், பதினேழு... பதினேழில் கை நின்றது. ஓரத்தில், மேல்கண்ணாடி முடிகிற இடத்தில், ஆறேழு செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு, நடுப்புள்ளி ஒவ்வொன்றும் வீங்கிக் கறுத்து, ஒன்று போல் இன்னொன்று இல்லாமல். பயிற்சிக்கு வந்த முதல் மாதத்துப் பிள்ளைகூடத் தாண்டிப் போகாது. தாளில் பதினேழுக்கு நேரே அவளுடைய அழகான கையெழுத்து. ஸ்லைடின் ஒட்டுத்தாளில் பெயர் இருக்காது, எண்ணும் வயதும் மட்டும். முப்பத்திநாலு. முப்பத்திநாலு வயதில் இவள் என்ன செய்துகொண்டிருந்தாள்?

டாக்டரம்மா பார்த்தார், நெடுநேரம் பார்த்தார், கண்ணை எடுக்காமலே கேட்டார். “முதல்ல இல்லைன்னு எழுதினது நீங்கதானா?”

“நான்தான் டாக்டர். மாத்திரை போட்டிருந்தேன். கவனம் இல்ல.”

“நல்லவேளை, திரும்பப் பாத்தீங்க. இவங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு, உடனே கூப்பிடச் சொல்றேன். நீங்க வீட்டுக்குப் போய்த் தூங்குங்க.” குரலில் கடிந்துகொள்ளல் இல்லை, தோளில் ஒரு தட்டும் தட்டினார், திட்டியிருந்தால் அழுதுவிட்டுப் போயிருக்கலாம். மற்ற ஸ்லைடுகளையும் இருபத்திரண்டு வரைக்கும் பார்த்து முடித்தாள், அவை சுத்தம், தாளில் பதினேழை அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள், பையை எடுத்தாள். நெஞ்சு அடங்கியிருந்தது. வீட்டுக்குப் போய்த் தூங்குங்க... வீட்டுக்குப் போனால் தூங்கலாம் என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். படியில் பாதி இறங்கியபோதுதான், நேற்றும் மாத்திரை போட்டோமே என்று தோன்றியது. நேற்று இரண்டு தட்டு. முந்தாநாள் இரண்டு. மரம் பூத்து மூன்று வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், ஒரு தட்டுக்கு இருபத்திரண்டு... பெருக்கவில்லை, பெருக்கப் பயமாக இருந்தது, திரும்பிப் படியேறினாள்.

பார்த்து முடித்த ஸ்லைடுகள் கடைசி அறையில் இரும்பு இழுப்பறைகளில் இருக்கும், அதற்குப் பொறுப்பான பெரியவர் பூட்டைக் கையில் எடுத்துவிட்டிருந்தார். பழைய ஸ்லைடுகள் வேண்டும், டாக்டரம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றாள். அவர் முகத்தைச் சுளிக்கவில்லை, பூட்டை வைத்துவிட்டுப் பதிவேட்டைத் திறந்து பேனாவை எடுத்தார். “எந்தத் தேதியிலேருந்துமா?”

மூன்று வாரம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். மூன்று வாரம் என்பது மாத்திரைக்கு. மாமனார் கதவைத் திறக்க ஆரம்பித்தது போன மழைக்கு முன்னால், அப்போதே காபி மூன்றாகிவிட்டது, அப்போது எழுதிய ‘சந்தேகம் இல்லை’களில் எத்தனை அவளுக்கு நினைவிருக்கிறது? அதற்கும் முன்னால், மகன் விடுதிக்குப் போன, தூக்கம் வராத அந்த வருடம், ஒரு நாளாவது... மாத்திரை வருவதற்கு முன் ஒரு நாள், முழுதாக விழித்திருந்த ஒரு நாள், அது எது? தேடிப் பார்த்தாள். பெரியவரின் பேனா முனை தாளில் பட்ட இடத்தில் மை பரவியது. “தேதி சொன்னாத்தானேமா எடுக்க முடியும்?”