சூளைக்குள் காய்த்த கடலை

நெல் அறுத்த வயலில் சேத்துக்கால் போட்ட கடலை அந்த வருஷம் அவருடைய வீட்டுக்குள் காய்த்தது. முதல் காய் மாவு டின்னில், அடுத்தது தலையணையில். சேத்துக்கால் என்பது ஊர் வைத்த பேர். நடவுக்குச் சேறு மிதிப்பதில் அவரை அடிக்க ஆளில்லை. ஆனால் மிதித்த மண் அறுப்புக்குப் பிறகு காய்ந்து சிமெண்டுத் தரையாகிவிடும், அடுத்த நடவு வரை சும்மா கிடக்கும். சும்மா கிடப்பதை வெட்டிக் கொடுத்தால் என்ன என்று செங்கல் சூளைக்காரர் அவர் காதைக் கடித்துக்கொண்டே இருந்தார். மேல்மண் போனால் பிறகு நெல்லும் கிடையாது, வயலே குட்டையாகிவிடும். ஒரு தடவை கடலை போட்டுப் பார்ப்போம், விளையாவிட்டால் வெட்டிக்கொள்ளட்டும் என்று சேத்துக்காலின் பெண்டாட்டி மல்லுக்கட்டி வாக்கு வாங்கினாள்.

நாலு உழவு ஓட்டி மண்ணைப் பொலபொலவென்று ஆக்கச் சொன்னாள். ஈரம் பறந்துவிடும் என்று இவர் ஒரே உழவோடு விதையைப் போட்டார். அதோடு விட்டாரா? நெல் புத்தி போகாமல் மேலே மிதித்து மட்டம் பண்ணி அழகு வேறு பார்த்தார். செடி வந்தது, மஞ்சள் பூவும் வந்தது. பூ வாடினால் அதன் அடியிலிருந்து ஓர் ஊசி மண்ணுக்குள் இறங்கித்தான் காயாகும். இந்த ஊசிகள் முட்டி முட்டிப் பார்த்தன, மண் விடவில்லை. வரப்பைத் தாண்டி, தெருவோரமாக, மெத்தென்ற இடம் தேடி வீட்டுக்குள் நடந்தன.

"படுக்கவா, பறிக்கவா? சொன்னேனா இல்லையா?" என்றாள் பெண்டாட்டி, தலையணையைத் தூக்கிக் காட்டி.

"விதை சரியில்லடி, விடு."

"ஆமா, விதைக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு!"

பிடுங்கப் பிடுங்க ஊசிகள் வந்தன. நாத்தனார் கொண்டைக்குள்ளும் ஒன்று இறங்கிவிட்டது. விளைச்சல் என்று சொல்ல ஒன்றும் தேறவில்லை. சூளைக்காரர் மண்வெட்டி ஆட்களுக்குச் சொல்லிவிட்டார் என்று கேட்ட அன்று, அவள் துடைப்பத்தை எடுத்து ஊசிகளை வாசலுக்குத் தள்ளினாள்.

"மெத்து மண்ணுதானே வேணும்? சூளையில மாவா சலிச்சு வெச்சிருக்கான், அங்க போய்த் தொலைங்க!"

தொலைந்தன. அடுத்த சூளை பிரித்தபோது ஒவ்வொரு கல்லிலும் வறுத்த கடலை இருந்தது. கொத்தனார்கள் சுவரை விட்டுவிட்டுக் கல்லை உடைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். சூளைக்காரர் ஓடிவந்தார்.

"தாயே, உங்க மண்ணும் வேணாம், உங்க சங்காத்தமும் வேணாம். இதுங்களைக் கூப்பிட்டுக்குங்க."

"என் பேச்சை இவரே கேக்க மாட்டாரு, ஊசியா கேக்கப் போகுது? வயலை நாலு உழவு ஓட்டுங்கண்ணே, தானா திரும்பிடும்."

அதுமுதல் நெல் அறுத்த மறுநாளே சூளைக்காரர் டிராக்டரோடு வந்துவிடுகிறார். பூ எடுக்கும்போது, காய் திரள ஜிப்சமும் அவரே தூவுகிறார். கடலை வயலிலேயே காய்க்கிறது; எல்லாம் தன் கைராசி என்று சேத்துக்கால் டீக்கடையில் சொல்கிறார், பெண்டாட்டி தலையில் அடித்துக்கொள்கிறாள். அந்த வருஷத்துக் கல்லில் கட்டிய வீடுகளில் குடியிருப்பவர்கள், சுவரில் ஆணி அடிக்கும்போது கீழே ஒரு தட்டு வைத்துக்கொள்கிறார்கள்.