அண்ணத்தில் ஒன்பது வரிகள்

இது அவர் கைவேலைதான். கண்ணைக் கட்டிவிட்டுக் கையில் கொடுத்தாலும் சொல்லிவிடுவேன்.

அப்படி நினைத்தபோது அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பல் லேபின் பின்பக்க அறையில், பாலிஷ் மோட்டாருக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்து, அந்தப் பழைய பல்செட்டை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முழு செட் இல்லை. மேல்வரிசையின் முன்பற்கள் நான்கு, அவற்றைத் தாங்கிக்கொண்டு அண்ணத்தில் பொருந்தும் இளஞ்சிவப்புத் தகடு, அவ்வளவுதான்.

காலையில் வந்தபோது அவள் மேசைமேல் ஒரு தட்டில் கிடந்தது. வேலைச் சீட்டு இல்லை. சுண்ணாம்பில் முக்கி எடுத்தது மாதிரி வெள்ளையாகப் படிவு ஏறி, எது பல், எது தகடு என்றே தெரியவில்லை. உப்புத் தண்ணீர் குடிக்கிற ஊர்க்காரர்கள் சிலர் பத்து வருடம் தேய்க்காமல் போட்டுக்கொண்டிருந்துவிட்டு, திடீரென்று ஒரு நாள் புதுசு மாதிரி ஆக்கிக் கொடு என்று கொண்டுவந்து வைப்பார்கள். முன்னறைப் பெண் சீட்டு எழுதப் பேனாவை எடுத்திருப்பாள், அதற்குள் யாராவது பேச்சுக் கொடுத்திருப்பார்கள். இது வழக்கம்தான் என்பதால் அவள் யாரையும் கேட்கவில்லை. படிவு கரைக்கும் திரவத்தில் போட்டு மூடி வைத்துவிட்டு மற்ற வேலைகளைப் பார்த்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தால் மொத்தமும் கரைந்திருந்தது. விளிம்பை மட்டும் மோட்டாரில் காட்டி இரண்டு சுற்றுத் தேய்த்தாள். பிறகு நாக்குப் படும் பக்கத்தைத் திருப்பிக் கட்டைவிரலை வைத்தாள். விரல் அங்கேயே நின்றுவிட்டது.

இடப்பக்கம் ஐந்து வரி. வலப்பக்கம் நான்கு. இடப்பக்கத்துக் கடைசி வரி நுனியில் இரண்டாகப் பிரிந்தது.

எல்லோருடைய மேலண்ணத்திலும் பல்லுக்குப் பின்னால் அலையலையாக வரிகள் உண்டு. பல்செட் செய்கிறவர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. தகட்டை வழவழவென்று விட்டுவிடுவார்கள், வேலை மிச்சம். அவள் கணவர் மட்டும் மெழுகில் பல் கட்டும்போதே, சூடாக்கிய கத்திமுனையால் அந்த வரிகளைச் செதுக்கிவிடுவார். யார் வாயாக இருந்தாலும் ஐந்தும் நான்கும்தான். எதற்கு இந்த மெனக்கெடல் என்று கல்யாணமான புதிதில் கேட்டிருக்கிறாள்.

"நாக்கு போய் இடிக்க ஒரு இடம் வேணும். இல்லைன்னா சொல்ல வந்தது வாயிலயே வழுக்கிட்டுப் போயிடும்" என்றார்.

ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர் சொன்னது அது.

லேபில் அவருக்குச் சாமியார் என்று பெயர். வீட்டிலும் சாமியார்தான். காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில் வருவார்கள், அவர் முன்னால், அவள் பின்னால். ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து வேலை செய்வார்கள். மாலையில் அதே பஸ். சாப்பிட்ட தட்டை அவரே கழுவி வைத்துவிடுவார், அதனால் அதைப் பற்றிக்கூடப் பேச ஒன்றும் இருக்காது. பிறகு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தத்தையும் நிற்கிற சத்தத்தையும் கேட்டுக்கொண்டு அவள் விழித்திருப்பாள்.

அண்ணி வாரம் ஒருமுறை போனில் விசாரணை வைப்பாள்.

"குடிக்கிறாரா?"

"இல்ல அண்ணி."

"கை நீட்டுறாரா?"

"சேச்சே."

"அப்புறம் என்னடி? பேசலைங்கிறதெல்லாம் ஒரு குறையா? உங்கண்ணன் பேசுறதை ஒரு நாள் வந்து உக்காந்து கேளு. காது ரெண்டையும் கழட்டிக் குடுத்துட்டு ஓடிடுவே."

அவளும் சிரித்துவைப்பாள். முப்பத்தெட்டு வயது வரை அண்ணன் வீட்டில் எல்லோருக்கும் துணி மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவளுக்கு ஒரு கதவு, ஒரு பூட்டு, ஒரு சாவி கிடைத்ததே பெரிது. பேசாதவரை எப்படித் தெரிந்துகொள்வது என்று ஆரம்பத்தில் தவித்தாள். பிறகு கட்டைவிரல் பழகிக்கொண்டது. அவர் கட்டியதையெல்லாம் மெருகேற்றுவது அவள்தான். எரிச்சலில் இருந்த நாள் வரிகள் ஆழமாக விழுந்திருக்கும். நன்றாகத் தூங்கி எழுந்த நாள் தண்ணீர்மேல் காற்றடித்த மாதிரி ஓடும். ஆறு வருடக் குடித்தனத்தில் புருஷனைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததில் பாதி இப்படித் தடவித் தெரிந்துகொண்டதுதான். இதை அண்ணியிடம் சொன்னால் டாக்டரைப் பார்க்கச் சொல்வாள்.

இந்த வரிகள் ரொம்ப மென்மையாக இருந்தன. அவள் அறிந்த எந்த நாளின் வரியும் இவ்வளவு மென்மை இல்லை. தனக்கு முந்தைய காலத்து வேலை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் சொல்ல ஒரு விஷயம் கிடைத்தது.

அப்போதுதான் முன்னறைப் பெண் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவளுக்கு ரேடியோ என்று பெயர், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

"அக்கா, முதலாளி உங்க மேசையில ஒரு தட்டு வெச்சாராமே. காலையிலயே சொல்லச் சொன்னார், நான் மறந்தே போயிட்டேன். பத்திரமா இருக்கா? நாலு மணிக்குப் போலீஸ்காரர் வர்றாரு."

"போலீஸ்காரரா? பல்லுக்கா?"

"பல்லுக்குத்தான். ஆனா அவர் பல்லுக்கு இல்ல." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டு, ரேடியோ குரலைத் தாழ்த்தினாள். "பழைய கல்குவாரி ஒண்ணுல தண்ணி வத்திடுச்சாம். அடியில எலும்பு கிடந்திருக்கு. பொம்பளையாம். பத்துப் பன்னெண்டு வருஷமாச்சுன்னு சொல்றாங்க. கூட இந்தப் பல்செட்டு. காணோம்னு யாரும் புகாரே குடுக்கலையாம், அதனால பேரு தெரியலை. யார் கை வேலைன்னு தெரிஞ்சா போதும், அதைப் பிடிச்சுக்கிட்டே போயிடலாம்கிறாரு. உங்களை மாதிரி கைப்பழக்கம் யாருக்கும் இல்லைன்னு முதலாளிதான் வாங்கி வெச்சாரு."

"எந்தக் குவாரி?"

ரேடியோ ஊர்ப் பெயரைச் சொன்னாள். "உங்க சாமியார் முன்னாடி வேலை பார்த்த ஊருக்குப் பக்கம்தானே? உலகம் எவ்ளோ சின்னது பாருங்க."

அவள் ஈரத் துணியை எடுத்து உள்ளங்கையின்மேல் போட்டுக்கொண்டாள்.

"அப்படியே இருக்குல்ல அக்கா?"

"இருக்கு. நீ போ, போன் அடிக்குது."

போன் அடிக்கவில்லை. ஆனாலும் ரேடியோ ஓடினாள்.

அந்த ஊரில் அவர் பத்து வருடம் வேலை பார்த்திருக்கிறார். நூற்றுக்கணக்கில் கட்டியிருப்பார். யார் போட்டுக்கொண்டார்கள், எங்கே போய் விழுந்தார்கள் என்று கட்டினவருக்கு என்ன தெரியும்? செருப்புத் தைத்தவனிடம் போய், போட்டவர் எங்கே நடந்தார் என்று கேட்பார்களா? இப்படி வரிசையாகச் சொல்லிக்கொண்டாள். சரியாகத்தான் இருந்தது. கட்டைவிரல் மட்டும் துணிக்கடியில் வரிகளை விட்டு நகரவில்லை.

துணியை விலக்கிப் பார்த்தாள். நான்கு பற்களில் ஒன்று பக்கத்துப் பல்லின்மேல் லேசாக ஏறி உட்கார்ந்திருந்தது. காசு கொடுத்துக் கட்டிக்கொள்கிறவர்கள் வரிசையாக வை என்றுதான் கேட்பார்கள். இதைக் கட்டினவருக்கு அந்தப் பெண்ணின் சொந்தப் பல்லில் இருந்த கோணல் தெரிந்திருக்கிறது. அந்தச் சிரிப்பைக் கிட்டத்திலிருந்து பல நாள் பார்த்திருக்கிறார்.

முதல் மனைவியைப் பற்றி அவர் ஒரே ஒரு முறை பேசியிருக்கிறார். ஒத்துவரவில்லை, வெளிநாடு போய்விட்டாள், தொடர்பில்லை. எப்படி இருப்பாங்க என்று இவள் கேட்டதற்கு, "சிரிச்சா கையால வாயை மூடிக்குவா" என்றார். வெட்கப்படுகிற பெண் போலிருக்கிறது என்று இவள் எடுத்துக்கொண்டாள். இரவில் தூக்கம் வராதபோது, தூரத்து ஊர் ஒன்றில் அந்தப் பெண் கைக்குப் பின்னால் சிரித்துக்கொண்டு நன்றாக இருப்பதாகக்கூட நினைத்துப் பார்ப்பாள். வேறு துணை இல்லாத வீட்டில் அதுவும் ஒரு துணையாக இருந்தது.

முன்பல்லை விட்டுவிட்டு யார் வெளிநாடு போவார்கள்?

மூன்றேகாலுக்கு அவர் வந்தார், அடுத்த தட்டுகளை வைக்க. மூன்று தட்டுகளை மேசையில் அடுக்கினார். அவள் கையைப் பார்த்தார். அதிலிருந்த பல்செட்டை எடுத்தார். கண்ணருகே கொண்டுபோகவில்லை, வெளிச்சத்தில் காட்டவில்லை. அவருடைய கட்டைவிரல் நேராக வரிகளின்மேல் போய் நின்றது. அவளுடைய விரல் நின்ற அதே இடம்.

பிறகு கதவைச் சாத்தினார்.

"எங்கேர்ந்து வந்துச்சு?"

சொன்னாள். குவாரி, எலும்பு, நான்கு மணி, எல்லாம்.

"கழுவினது யாரு?"

"நான்தான். ரிப்பேருன்னு நினைச்சேன்."

"படிவு இருந்துச்சா?"

"வெள்ளையா மூடி இருந்துச்சு. ஒண்ணும் தெரியலை."

"அப்ப வரியை யாரும் பார்த்திருக்க மாட்டாங்க. போட்டோ எடுத்திருந்தாலும் விழுந்திருக்காது." அவளிடம் சொன்ன மாதிரி இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்த மாதிரி இருந்தது.

"அவங்களோடதா?" என்றாள்.

அவர் முக்காலியின் எதிரில் இருந்த அச்சு வார்க்கும் மாவு மூட்டையின்மேல் உட்கார்ந்தார். "ம்."

"வெளிநாடுன்னீங்க."

"கேக்குறவங்களுக்கு ஏதாவது சொல்லணும்ல? சண்டை. செருப்புகூட மாட்டாம வெளிய போனா. திரும்பி வரலை. ஒரு நாள் பார்த்தேன், ரெண்டு நாள் பார்த்தேன். போய்ச் சொன்னா முதல்ல என்னைத்தான் பிடிப்பாங்க. அவளுக்குன்னு கேக்க ஆளும் இல்லை. இப்படியே விட்டுட்டேன். அவளா போய் விழுந்திருக்கா. நான் ஒண்ணும் பண்ணலை."

ஆறு வருடத்தில் அவர் அவளிடம் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது இதுதான் முதல் தடவை. எத்தனை நாள் காத்திருந்தாள் இதற்கு. பஸ்ஸில், சாப்பாட்டு மேசையில், இருட்டில். அவருடைய குரல் நல்ல குரல் என்பதே இப்போதுதான் தெரிந்தது. நம்ப வேண்டும் என்று இருந்தது. நம்பிவிட்டால் இன்று சாயங்காலமும் பஸ் வரும், வீடு இருக்கும், சாவி இருக்கும்.

"அவங்க சொந்தப் பல்லு நாலும் எப்படிப் போச்சு?"

"விழுந்துட்டா."

"எங்க?"

"வீட்டுலதான்."

"நாலும் ஒரே தடவையிலயா?"

அவர் மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உன்மேல ஒரு நாள் கை வெச்சிருக்கேனா?" என்றார்.

"இல்ல."

அது உண்மை. ஆனால் அந்த வரிகளின் மென்மை அவள் விரலில் இன்னும் இருந்தது. எதையோ செய்துவிட்டு மன்னிப்புக் கேட்கிறவன்தான் அவ்வளவு மென்மையாகச் செதுக்குவான். அல்லது அன்பாகவும் இருக்கலாம். விரலுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. இத்தனை வருடம் அதைத்தான் தெரிந்ததாக நினைத்துக்கொண்டிருந்தோம் என்று தோன்றியபோது, அறையில் தான் மட்டும் இருப்பதுபோல அவளுக்கு இருந்தது.

அவர் எழுந்து பல்செட்டை அவள் உள்ளங்கையில் வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார். எப்போதாவதுதான் அவர் அவளைத் தொடுவார்.

"துணிச்சக்கரத்துல காட்டு. வரி மொத்தமும் போயிடும், ஒரு நிமிஷ வேலை. ரிப்பேருன்னு நினைச்சு மொத்தமா பாலிஷ் பண்ணிட்டேன்னு சொல்லு. விளிம்பு ஏற்கெனவே தேய்ச்சிருக்கே, நம்புவாங்க. முதலாளி ரெண்டு திட்டு திட்டுவாரு, அவ்ளோதான்."

"நீங்களே பண்ணலாமே."

"எனக்குக் கை நடுங்குது. பாதி போய்ப் பாதி நின்னா தெரிஞ்சிடும். உனக்குத்தான் ஒரே சீரா வரும்." அவள் பக்கம் குனிந்தார். "இவ்ளோ வருஷத்துல உன்கிட்ட ஏதாவது கேட்டிருக்கேனா?"

கேட்டதில்லை. ஒரு டம்ளர் தண்ணீர்கூட அவரே எடுத்துக்கொள்வார்.

கை நீட்டி மோட்டாரைப் போட்டார். துணிச்சக்கரம் சுழன்று அறை முழுக்க இரைச்சல் நிறைந்தது. மோட்டார் ஓடினால் உள்ளே யார் கத்தினாலும் முன்னறைக்குக் கேட்காது. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் கதவுக்கும் அவளுக்கும் நடுவில் நின்றார். கண் கலங்கியிருந்தது. அது எதற்கான கலக்கம் என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

அவள் உள்ளங்கையைத் திறந்தாள். செருப்பில்லாமல் வெளியே போன ஒரு பெண்ணுக்கு இந்த உலகத்தில் மிச்சமிருந்த அடையாளம் ஒன்பது வரிகள். அவளைத் தேடி ஒருவரும் வரவில்லை. பெயர் சொல்லக்கூட ஆளில்லை. தான் நாளைக்குக் காணாமல் போனால், அண்ணியின் அடுத்த போன் வரும்வரை யாருக்கும் தெரியாது. அப்போதும் இவர் ஏதாவது ஒரு ஊரின் பெயரைச் சொல்வார், அண்ணி நம்பிவிடுவாள்.

சுவரோரம் எட்டி மோட்டாரை நிறுத்தினாள். சக்கரம் தளர்ந்து தளர்ந்து நின்றது. பல்செட்டை அது வந்த தட்டிலேயே வைத்து, தட்டை மடியில் எடுத்துக்கொண்டாள்.

"என்ன?" என்றார் அவர்.

"நான் பண்ணலைங்க" என்றாள், இன்னொரு கரண்டி வேண்டாம் என்று சொல்கிற அதே குரலில். "கதவைத் திறங்க."