ஜாஸ்மினுக்கு இரண்டு பிறந்தநாள்

எட்மண்டுக்கு ஏசி ரிப்பேர் கைவந்த கலை. வாய்தான் அவர் சொன்ன பேச்சைக் கேட்காது. அந்த வாயால் அவர் வாழ்க்கையில் இரண்டு முறை வசமாக மாட்டிக்கொண்டார். இரண்டுமே மகள் ஜாஸ்மின் விஷயத்தில்தான்.

முதல் தடவை மாட்டியபோது அவளுக்கு இரண்டரை வயது. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன நர்சரி பள்ளியில் எல்கேஜி சேர்க்கப் போனார்கள். மூன்று வயது முடிந்திருக்க வேண்டும் என்றது பள்ளி. பிள்ளை பிறந்ததோ நவம்பர் பதினான்கு. அடுத்த வருஷம் சேர்த்துக்கொள்ளலாம், குடி ஒன்றும் முழுகிவிடாது என்று மனைவி ஜெரூஷா தலையில் அடித்துக்கொண்டாள். எட்மண்ட் கேட்டாரா? எல்லாக் கலருக்கும் பேர் சொல்கிற பிள்ளைக்கு ஒரு வருஷம் வீணாகப் போவதா என்று, கவுண்டரில் போய் மே இருபத்தெட்டு என்று அடித்துவிட்டார். பிறப்புச் சான்றிதழை அப்புறம் கொண்டுவாருங்கள் என்றார்கள். அந்த அப்புறம் வரவே இல்லை. மே இருபத்தெட்டு மட்டும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் வரைக்கும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. நவம்பரில் கேக், மே மாதத்தில் காகிதம் என்று ஜாஸ்மினுக்கு இரண்டு பிறந்தநாள் ஆனது.

இரண்டாவது தடவை மாட்டியது கோர்ட்டில். பத்து வருஷத்துக்கு முன்னால் புருஷனும் பெண்டாட்டியும் பிரிந்தார்கள். யார் மேல் தப்பு என்று என்னைக் கேட்காதீர்கள். அவரைக் கேட்டால் ஒரு கதை, அவளைக் கேட்டால் வேறு கதை. இரண்டு பேருமே விட்டுக்கொடுக்கத் தெரியாத ஜென்மங்கள் என்பது மட்டும் ஊருக்கே தெரியும். ஜாஸ்மின் மேஜர் ஆகும் வரை அப்பா மாதம் ஆறாயிரம் ஜீவனாம்சம் கட்ட வேண்டும் என்று தீர்ப்பானது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பிள்ளையைப் பார்க்க உங்களுக்கு நேரம் ஒதுக்கித் தரவேண்டுமா என்று நீதிபதி நல்ல மனதோடு கேட்டார். அதற்குப் பத்து நிமிஷம் முன்புதான் வராந்தாவில் ஜெரூஷாவின் அண்ணன் எட்மண்டை ஒரு வார்த்தை சொல்லியிருந்தான். அந்தக் கொதிப்பில், தேவையில்லை சார் என்று சொல்லிவிட்டார். வெளியே வந்து மாடிப்படியில் கால் வைத்தபோதுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டார். திரும்ப ஒரு மனு போடலாம் என்று வக்கீல் சொன்னார். அதற்கு ரோஷம் இடம் கொடுக்கவில்லை.

ஆனால் பணத்தைக் கையில்தான் கொடுப்பேன், ஸ்டாம்ப் ஒட்டின ரசீது கையில் வேண்டும் என்று மட்டும் பிடிவாதமாக நின்றார். அவர் முகத்தில் விழிக்க ஜெரூஷா தயாராக இல்லை. கடைசியில் ஓர் ஏற்பாடு படிந்தது. மாதாமாதம் இரண்டாவது சனிக்கிழமை, மாலை நாலரை மணி, தாம்பரம் ஸ்டேஷன், பஜ்ஜி ஸ்டாலுக்குப் பக்கத்து பெஞ்ச். எட்மண்ட் ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலில் வந்து இறங்குவார். ஜெரூஷா மகளைக் கூட்டிவந்து மேம்பாலத்தின் மேலேயே நின்றுகொள்வாள். ஜாஸ்மின் ரசீதோடு படி இறங்கி வருவாள். கவரை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு அப்பாவோடு உட்கார்ந்து இரண்டு பஜ்ஜி சாப்பிடுவாள். அரைமணி நேரம். எட்மண்டின் மாதத்தில் மற்ற நாளெல்லாம் அந்த அரைமணிக்கு முன்னால் அல்லது பின்னால், அவ்வளவுதான்.

ஊரெல்லாம் போனில் பணம் அனுப்ப ஆரம்பித்த காலத்தில் இந்த ஏற்பாட்டுக்கு ஆபத்து வந்தது. போனிலேயே அனுப்பிவிடலாமே, எதற்கு அலைச்சல் என்று ஜெரூஷா மகளிடம் சொல்லி அனுப்பினாள். எட்மண்ட் ஆடிப்போனார். தன் போனில் அந்த ஆப் ஓடாது என்றார். அடுத்த மாதம் ஓடிபி வரவில்லை என்றார். அதற்கடுத்த மாதம் பேங்கில் ஏதோ கையெழுத்துத் தகராறு என்றார். மனுஷன் பெட்ரோல் போடுவது, முடி வெட்டிக்கொள்வது, ஏசிக்கு கேஸ் சிலிண்டர் வாங்குவது எல்லாமே போனில்தான். மகளிடம் மட்டும் கூசாமல் புளுகினார். அப்புறம் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டார்.

இப்படியே போய்க்கொண்டிருந்த வண்டி இந்த மே மாதம் வந்து நின்றது. ஜாஸ்மின் இப்போது காலேஜ் முதல் வருஷம் முடித்துவிட்டாள், அப்பாவைவிட அரை அடி உயரம். அவள் நீட்டிய ரசீதில் ஜெரூஷாவின் கையெழுத்துக்கு மேலே புதிதாக ஒரு வரி இருந்தது: கடைசித் தவணை. சரிதானே, மே இருபத்தெட்டோடு பெண் மேஜர். எட்மண்டுக்கு வாயில் போட்ட வாழைக்காய் உள்ளே இறங்கவில்லை. அன்றைக்கு கவுண்டரில் அவிழ்த்துவிட்ட புளுகு பதினைந்து வருஷம் நடந்து வந்து அவர் மடியிலேயே உட்கார்ந்துவிட்டது. உண்மைத் தேதி இருந்திருந்தால் இன்னும் ஆறு சனிக்கிழமை இருக்குமே.

"உங்க அம்மாகிட்ட போய்ச் சொல்லு. நீ பொறந்தது நவம்பர்ல. நவம்பர் வரைக்கும் நான் குடுத்தாவணும்."

ஜாஸ்மின் படியேறிப் போனாள், இறங்கி வந்தாள். பத்தாம் வகுப்பு சர்டிபிகேட்டில் இருப்பதுதான் கணக்கு, மேற்கொண்டு ஒரு ரூபாய் வேண்டாம் என்று பதில் வந்தது. பொய்த் தேதி சொன்னது நான்தானே, அதற்கு அபராதம் நான்தான் கட்ட வேண்டும் என்று எட்மண்ட் திருப்பி அனுப்பினார். பதினைந்து வருஷம் கழித்தாவது ஒப்புக்கொண்டாரே, மிக்க சந்தோஷம், ஆனால் பணம் வேண்டாம் என்று மேலேயிருந்து மறுபடி பதில். கொடுக்க வேண்டியவர் இன்னும் கொடுப்பேன் என்று நிற்க, வாங்க வேண்டியவள் வாங்கமாட்டேன் என்று நிற்க, இப்படி ஒரு வழக்கை எந்தக் கோர்ட்டாவது பார்த்திருக்குமா? நாலாவது தடவை இறங்கி வந்தபோது ஜாஸ்மினுக்கு மூச்சு வாங்கியது. நான் என்ன கொரியர் சர்வீஸா, எனக்கு வீட்டில் அசைன்மென்ட் கிடக்கிறது என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த பஜ்ஜியை எடுத்துக்கொண்டு படியேறினாள்.

அடுத்த மாதம் வருவாயா என்று அவர் கேட்கவில்லை. கேட்க வாய் வந்தது, பயமாக இருந்தது. பத்து வருஷமாக இந்தப் பெண் நமக்காக வந்தாளா, அம்மா அனுப்பிய வேலைக்காக வந்தாளா? வேலை முடிந்துவிட்டதே, இனி எதற்கு வருவாள்? செங்கல்பட்டு வண்டியில் ஊரப்பாக்கம் போய் இறங்கும் வரை எட்மண்ட் இதையே அரைத்துக்கொண்டிருந்தார். போன் செய்து கேட்டிருக்கலாம். ஆனால் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? அந்த மாதம் முழுக்க அவர் மாட்டிய ஏசி எதுவும் அவருக்கு ஞாபகம் இல்லை.

ஜூன் இரண்டாவது சனிக்கிழமை வந்தது. போகலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து குழம்பினார். கடைசியில் மூன்று மணிக்கே குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பழக்கதோஷத்தில் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கவர் இல்லாமல் அந்தப் பை என்னவோபோல் இருந்தது. வண்டி வேறு பெருங்களத்தூரில் கால்மணி நேரம் நின்று தொலைத்தது. தாம்பரத்தில் இறங்கும்போது மணி நாலே முக்கால்.

இறங்கியதும் மேம்பாலத்தைத்தான் பார்த்தார். பத்து வருஷமாக ஜெரூஷா நிற்கிற அதே இடம், மூன்றாவது தூணுக்குப் பக்கம். அங்கே யாரும் இல்லை.

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தார். மனசு விட்டுப்போயிற்று. யார் மேலும் கோபம் வரவில்லை, தன் வாய் மேல் மட்டும் வந்தது. எதிர்த் திசை வண்டி பிடித்து வீட்டுக்குப் போய்விடலாம் என்று திரும்பினார்.

"அப்பா, இன்னா எங்கியோ பாத்துகினு போறீங்க? இங்க வாங்க."

வேண்டுமென்றே சென்னைத் தமிழை இழுத்துப் பேசி வம்பு செய்வது ஜாஸ்மினின் வழக்கம். பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஜெரூஷா உட்கார்ந்திருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. மேம்பாலத்தின் உயரத்தில் அது தெரிந்ததே இல்லை. எட்மண்ட் பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்றார். கவர் எதுவும் கொண்டுவரவில்லை என்று உளறினார்.

"கவர் யாரு கேட்டா," என்றாள் ஜெரூஷா. "உங்க போன்ல பணம் அனுப்ப முடியும்னு எனக்கு ஏழெட்டு வருஷமா தெரியும். மேல நின்னா எல்லாம்தான் தெரியுது. மாசாமாசம் பஜ்ஜிக்காரர்கிட்ட போனை நீட்டி ஸ்கேன் பண்றீங்க. அடுத்த நிமிஷம் இவகிட்ட ஆப் ஓடலைன்னு சொல்லி அனுப்பறீங்க."

எட்மண்டுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்த ஸ்டாலில் ஒட்டியிருந்த ஸ்கேன் அட்டை மேலேயிருந்து பார்த்தால் தெரியும் என்று ஒரு நாளாவது தோன்றியதா இந்த மனுஷனுக்கு?

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் சொல்லலை?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஜெரூஷா கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"சொல்லியிருந்தா நீங்க ரோஷப்பட்டு அன்னிக்கே அனுப்பியிருப்பீங்க. அப்புறம் இவ உங்களைப் பாக்க எப்படி வருவா?"

எட்மண்டுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிளாட்பாரத்தில் போகிறவர்கள் பார்ப்பார்களே என்றுகூட நினைக்காமல் அழுதார். அழுதுகொண்டே சிரிப்பும் வந்தது. மாதாமாதம் ஸ்டாம்ப் வாங்கி ஒட்டி, கையெழுத்துப் போட்டு, வெயிலிலும் மழையிலும் அரைமணி நேரம் கால்கடுக்க நின்றவள், அவருடைய புளுகையும் சேர்த்துக் காப்பாற்றியிருக்கிறாள். சேர்ந்து வாழ இரண்டு பேராலும் முடியவில்லை, அது வேறு விஷயம். ஆனால் இந்த ஒரு காரியத்தை ஒன்றாகச் செய்திருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே.

ஜாஸ்மின் கைக்குட்டையை நீட்டினாள். தான் மேஜர் ஆகிவிட்டதால் இனி ஏற்பாடெல்லாம் தான் செய்வதாகச் சொன்னாள். இரண்டாவது சனிக்கிழமை அப்படியே இருக்கும். நேரம் மட்டும் நாலரைக்குப் பதில் நாலு, அரைமணி போதவில்லை. ரசீது கிடையாது. நவம்பர் பதினான்கு அன்று சேலையூரில் அம்மா வீட்டில் கேக், அப்பா கட்டாயம் வரவேண்டும், அம்மாவிடம் பேசியாகிவிட்டது.

"மாமாவும் வருவாரா?" என்று எட்மண்ட் கேட்டார். வராந்தாவில் கேட்ட வார்த்தை இன்னும் மறக்கவில்லை பாருங்கள்.

"அண்ணன் வந்தா வாயை மூடிக்குங்க," என்றாள் ஜெரூஷா. "அவன்கிட்டயும் இதேதான் சொல்லியிருக்கேன்."

எட்மண்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஜ்ஜி ஸ்டாலுக்குப் போனார். ஆறு பஜ்ஜி, மூன்று டீ சொன்னார். வழக்கமாக நாலு பஜ்ஜியும் ஒரு டீயும் கொடுக்கிற கடைக்காரர் பெஞ்சை எட்டிப் பார்த்துவிட்டு, சட்னியைத் தாராளமாக ஊற்றினார். காசு கொடுக்க எட்மண்ட் போனை எடுத்தார். திரும்பிப் பார்த்தால் தாயும் மகளும் அவரையேதான் கவனித்துக்கொண்டிருந்தார்கள். ஒளித்துவைக்க இனி என்ன இருக்கிறது, போனை நன்றாகத் தூக்கிப் பிடித்து, இரண்டு பேருக்கும் தெரிகிற மாதிரி ஸ்கேன் செய்தார்.