பழைய தாரின் மேல்

புடவையின் வலது கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைச் சங்கீதா மறுபடியும் தவறவிட்டாள். அது வழுக்கித் தறிக்குழிக்குள் விழுந்தது.

"ஏண்டி, கை இங்க இருக்குது, மனசு எங்க இருக்குது?" என்றாள் மங்கையர்க்கரசி. புடவையின் உடலை அவள் நெய்வாள். கரைக்கு நாடா தள்ளுவது பக்கத்து வீட்டுச் சங்கீதா. ஒருத்தி எழுந்தால் தறி நின்றுவிடும்.

"போன் அடிச்ச மாதிரி இருந்துச்சுக்கா."

அடிக்கவில்லை. மனு போட்ட நாளிலிருந்தே இப்படித்தான். போன தடவை பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே ரோடு போட்டதில் தெரு வாசலைவிட உயர்ந்துவிட்டது. ஐப்பசி மழை நேரே இந்தக் குழிக்குள் இறங்கி, தறியில் பூட்டியிருந்த பாவு நூல் முழுக்க நனைந்து வீணாயிற்று. இப்போது மறுபடியும் ரோடு வருகிறது. சுரண்டும் வேலை அதில் உண்டா என்று பார்க்க, எஸ்டிமேட்டின் நகல் வேண்டுமென்று தகவல் உரிமைச் சட்டத்தில் நகராட்சி ஆபீஸை மங்கையர்க்கரசி கேட்டாள். 'ஏன் சுரண்டவில்லை' என்று எழுதிய முதல் மனு திரும்பி வந்தது. காரணம் கேட்கக் கூடாதாம், ஆவணம்தான் கேட்கலாமாம். அடுத்ததைச் சங்கீதா யோசித்து எழுத, அக்கா ஒப்பமிட்டாள். ரோடு காண்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராக இருப்பவனோ சங்கீதாவின் புருஷன் தினகரன்.

மதியம் அவன் சாப்பிட வந்தான். செல்போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"மங்கை அக்கா மனு போட்டிருக்குது. ஆபீஸ்ல எவனோ அதைப் போட்டோ எடுத்து எங்க ஓனருக்கு அனுப்பிட்டான். வாபஸ் வாங்க வைய்யின்னு அவரு காலைலேருந்து என்னை வறுத்தெடுக்குறாரு."

சங்கீதா ரசம் ஊற்றினாள். பாதி தரையில் போயிற்று.

அவன் செல்போனில் மனுவின் படத்தை விரலால் பெரிதாக்கினான். அவன் சட்டைப் பையில் மளிகைச் சீட்டு எட்டிப் பார்த்தது. அவள் எழுதியது. வாராவாரம் அந்த எழுத்தைப் படித்துத்தான் பருப்பும் புளியும் வாங்கி வருகிறான்.

"மோர் இருக்குதா?" என்றான்.

குடித்தான். கை கழுவினான். அவளுக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கழுவிய சொம்பையே மறுபடியும் கழுவினாள்.

"வாபஸ் கடுதாசியும் நீயே எழுதிடுமா," என்றான் செருப்பை மாட்டிக்கொண்டே. "அந்தக்காவுக்கு நீதான எழுதித் தர."

"யாரு சொன்னது?"

"துவரம் பருப்பு சொல்லுச்சு." சிரிக்கவில்லை. "என் வேலை போச்சுன்னா ஐயம்பேட்டைல உங்கப்பா வீட்டு வாசல்ல போய் உக்காந்துக்கலாம். சாயங்காலம் வரேன்."

விஷயத்தைக் கேட்ட மங்கையர்க்கரசி தறியைவிட்டு எழவே இல்லை. "எழுதுடி, கையெழுத்து போட்டுத் தரேன். உன் வூட்டுல சண்டை வேணாம்."

"குழி?"

"மண்ணு மூட்டை அடுக்கிக்கலாம்."

குழியின் சுவரில் போன மழைத் தண்ணீர் நின்ற கறை இன்னும் போகவில்லை. சங்கீதா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாபஸ் கடிதத்தை எழுதி ஒப்பம் வாங்கினாள். இன்னொரு தாளை எடுத்துக் குனிந்து எழுதத் தொடங்கினாள்.

மங்கையர்க்கரசி எட்டிப் பார்த்தாள். "இதுல என் பேரே இல்லியேடி."

"உங்களுது முடிஞ்சிடுச்சுக்கா." தாளை மடித்துக்கொண்டு தபால் ஆபீசுக்குக் கிளம்பினாள்.

சாயங்காலம் தினகரன் தறி வீட்டு வாசலிலேயே நின்றான். மேகம் கறுத்திருந்தது. வாபஸ் கடிதத்தைப் படித்தவன் முகம் தெளிந்தது. "அப்பாடா. ஓனர் வாயை இதோட அடைச்சிடலாம்."

"இதையும் காட்டிடுங்க." ஸ்பீட் போஸ்ட் ரசீதை நீட்டினாள். "புது மனுவுல எஸ்டிமேட்டு, போட்ட ரோட்டை அளந்து எழுதுற அளவுப் புத்தகம் ரெண்டுமே கேட்டிருக்குது. யாரு எழுதினதுன்னு அவரு தேட வேணாம். சங்கீதா, க/பெ தினகரன். கதவு நம்பர்கூடப் போட்டிருக்குது."

அவன் ரசீதைப் பார்த்தான். அவளைத் தாண்டி, உள்ளே குழியைப் பார்த்தான். சட்டைப் பையில் போன் அடித்தது. இந்த முறை நிஜமாகவே அடித்தது.

அவன் எடுக்கவில்லை. அது நிற்கவும் இல்லை.